பதினைந்து பவுண்டு

முதலில் கெடுத்தவன் அர்த்தனாரிதான். மற்றவர்களெல்லாம் அவனுக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றவர்கள். லாரி முதலாளி, போலீஸ்காரர், மாதையனின் பெண்டாட்டி, டீக்கடைக்காரன், கடைசியில் சொந்த மைத்துனன்கூட. ஆனால் வரிசையின் தலையில் நின்றவன் அவன், டிப்ளமா படித்த சூப்பர்வைசர் அர்த்தனாரி, சட்டைப் பையில் பேனாவையும் காற்று மீட்டரையும் அடுத்தடுத்துச் செருகி வைத்திருந்தவன். நாற்பது வருஷமாக அத்தியப்பன் இந்த வரிசையை ஒரு நாளும் மாற்றி அடுக்கியதில்லை. சங்ககிரி டியூஷன் சென்டர் ஒன்றின் கேட்டுக்குப் பக்கத்தில், வகுப்பறை ஜன்னலுக்குக் கீழே, ஒரு கால் விரிசல் விட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், வாட்ச்மேன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, நாலரை மணி வெயிலில் அவர் இன்றைக்கும் அதைத் தலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். ஏனென்றால் இன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வியாழனும் ஐந்தரைக்கு அர்த்தனாரியின் வெள்ளைக் கார் வரும். பேத்தியை ஏற்றிக்கொண்டு போக அவனே ஓட்டிக்கொண்டு வருவான். அத்தியப்பன் கேட்டைத் திறப்பார். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் மேலே எழும்பும், அவ்வளவுதான் கும்பிடு. முகத்தைப் பார்க்க மாட்டான். நாலு மாசமாக இதேதான். அடையாளம் தெரியவில்லையா, தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி விரலைத் தூக்குகிறானா? தெரியாதவன் ஒரு நாளாவது முகத்தைப் பார்ப்பானே. பார்க்காமலே இருக்கிறான் என்றால் பார்க்கக் கூடாது என்று வைத்திருக்கிறான். அவனிடமிருந்து இவருக்குச் சேர வேண்டியது காசு பணம் இல்லை, வேலையைத் திருப்பித் தர வேண்டியதும் இல்லை, அதெல்லாம் போய்விட்டது. 'உம்மேல தப்பில்லை அத்தியப்பா' என்று ஒரே ஒரு பேச்சு. அதை அவன் வாயிலிருந்து கேட்காமல் சாகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்தாரோ என்று அவருக்கே சில நாள் சந்தேகம் வரும். சேர்ந்தது முதலில், கார் வந்தது பிறகுதான். இருந்தாலும் சந்தேகம்.

உள்ளே கெமிஸ்ட்ரி மிஸ் சுகந்தி ஆரம்பித்துவிட்டது. சின்ன உருவம், பெரிய குரல். ஊசி போடும் சிரிஞ்சு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஊசி இல்லாத வாயைக் கட்டை விரலால் அடைத்து, பின்பக்கத்தை அழுத்திக் காட்டுகிறது. அழுத்த அழுத்த எதிர்த்துத் தள்ளுது பாருங்க, இடம் பாதியானா அழுத்தம் ரெண்டு மடங்கு, இது பாயில் விதி, எழுதிக்கங்க. இதற்கு ஒரு விதியா என்று அத்தியப்பன் ஜன்னலுக்குக் கீழே உதட்டைச் சுழித்தார். கைப்பம்பின் நுனியில் விரலை வைத்து அடைத்தால் கைப்பிடி திருப்பி உதைப்பது எட்டு வயதிலேயே அவருக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, பம்பு நிற்கவில்லை. தெரிந்த விஷயத்துக்கு வெள்ளைக்காரன் பேரை வைத்துவிட்டால் அது படிப்பு, நம் கையில் இருக்கிற வரைக்கும் அது கூலி வேலை. அவருக்குச் சட்டம், விதி என்ற பேச்சே ஆகாது. எழுதுகிறவன் ஒருவன், மாட்டிக்கொள்கிறவன் ஒருவன். ஆனாலும் காது அங்கேயேதான் நின்றது. காற்று என்று யாராவது சொன்னால் அவர் காது தானாகத் திரும்பும். அவர் வேலை பார்த்த லாரி ஷெட்டில் விடிகாலை ஐந்தரை மணி, கம்ப்ரசர் தடதடவென்று நிரம்பி ஓய்கிற சத்தம், ஓய்ந்ததும் வருகிற அமைதியில் ரப்பர் வாசனை, ராத்திரிக் குளிரில் ஜில்லென்று கிடக்கும் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வால்வில் ஹோஸைச் செருகுவது. முன் டயருக்குத் தொண்ணூறு பவுண்டு. மீட்டரில் முள் தொண்ணூறைத் தொட்டதும் எடுத்துவிட்டு, இரும்புக் கம்பியால் டயரை ஒரு தட்டு. டங் என்று சொல்ல வேண்டும், தொப் என்று சொல்லக் கூடாது. அன்றைக்கும் டங் என்றுதான் சொன்னது. அன்றைக்கும் தொண்ணூறுதான். இதைக் கோயில் முன்னால் சூடம் அணைத்துச் சொல்லியிருக்கிறார், கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

மிஸ் இப்போது ஒரு பலூனைச் சுடுதண்ணீரில் வைத்துக் காட்டுகிறது போல. பெண்கள் ஓஹோவென்று கூவுகிறார்கள். சூடானா காத்து விரியும், இடம் இருந்தா இடத்தை எடுத்துக்கும். சரி, இடமே குடுக்கலீன்னா? கெட்டியான டப்பாவுல அடைச்சு வெச்சுச் சூடு பண்ணுனா? ஒருத்தி சொன்னாள், வெடிக்கும் மிஸ். வெடிக்கறதுக்கு முந்தி என்ன ஆகும்? அந்தக் கேள்வியை அத்தியப்பன் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். வெடிக்கிறதுக்கு முந்தி. டிரைவர் மாதையன் அதற்கு முந்தின நாள் வண்டி எடுக்கும்போது பீடியைப் பாதியில் அணைத்து, மீதியைக் காதில் செருகிக்கொண்டு, அத்தியா, ஓசூர் போய்ட்டு வந்து இதக் குடிக்கறேன் என்று சிரித்தான். பாதிப் பீடி. தொப்பூர் இறக்கத்தில் முன் இடது டயர் வெடித்து, கல் ஏற்றிய லாரி பள்ளத்தில் இறங்கி, மூன்று மணி நேரம் கழித்து அவனை எடுத்தபோது காதில் பீடி இருந்ததா என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால் அடித்திருப்பார்கள். அவன் பெண்டாட்டி மண்ணை வாரி எறிந்தாள், நீ காத்தா அடிச்சே, எமனையல்லவாடா அடிச்சு அனுப்புனே என்று. உள்ளே வகுப்பு தொடர்ந்தது. சரி, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன், யார் வீட்டுல லாரி இருக்குது என்று மிஸ் கேட்டது. சங்ககிரியில் கேட்கிற கேள்வியா இது, பாதி வகுப்பு கை தூக்கியிருக்கும். தேன்மொழி, நீ சொல்லு, உங்கப்பா டயருக்கு எவ்வளவு காத்து வெப்பாரு? தொண்ணூறு பவுண்டு மிஸ். அத்தியப்பன் நாற்காலியில் நிமிர்ந்தார். ஏன் தொண்ணூறு? இன்றைக்கு லாரிகளுக்கு நூற்றுப்பத்து, நூற்றிருபது வைக்கிறார்கள், எத்தனையோ எண் இருக்க அதென்ன தொண்ணூறு? சின்ன வண்டிங்க மிஸ், பழசு, என்று அந்தப் பெண் யாரோ கேட்ட மாதிரி சொல்லிக்கொண்டாள். யாரும் கேட்கவில்லையே. அர்த்தனாரியின் பேத்தி யாழினி இரண்டாவது பெஞ்சில், ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறாள், பின்னல் தெரிகிறது. அவள் சொல்லிக் கொடுத்திருப்பாளோ? அப்போது மிஸ் கேட்டது, மீட்டர் காட்டறது வெளிக்காத்தை விட எவ்வளவு கூடன்னு மட்டுந்தான், அப்ப நம்மளச் சுத்தி இருக்கற காத்தோட அழுத்தத்தையும் சேத்தோணும், அது எவ்வளவு? வகுப்பே சேர்ந்து கத்தியது: பதினஞ்சு!

அவர் எழுந்தே விட்டார். நாற்காலியின் விரிசல் கால் மடங்கிப் பின்னால் சாய்ந்தது. பதினஞ்சு. அதுதான் இந்த ஊர் அவருக்கு வைத்த பேர். பதினஞ்சு வந்துட்டான்யா, ஒரு டீயப் போடு. ஏப்பா பதினஞ்சு, சைக்கிளுக்குக் காத்து வேணும், பாத்து, மெதுவா, எனக்குப் புள்ளகுட்டி இருக்குது. அன்றைக்கு அர்த்தனாரி மாதையன் ஓட்டிய லாரியிலேயே ஓசூருக்குப் போனான், அங்கே ஏதோ கணக்கு வாங்க. கிருஷ்ணகிரியில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது மத்தியான வெயிலில் டயருக்கு மீட்டரை வைத்துப் பார்த்தான். நூற்றைந்து காட்டியது. நோட்டில் எழுதினான்: முன் இடது நூற்றைந்து, அத்தியப்பன் பதினைந்து பவுண்டு கூட அடித்திருக்கிறான். வால்வை அழுத்திப் பதினைந்தையும் இறக்கினான். மறுநாள் வெடித்த பிறகு அந்த நோட்டுதான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. அதைத்தான் டீக்கடையும் படித்தது. வழக்கு நிற்கவில்லை, வேலை நிலைக்கவில்லை, பேர் மட்டும் நின்றது. இந்தப் பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? யாராவது ஒருத்தியாவது சிரிக்கிறாளா என்று ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தார். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மிஸ் அவரைப் பார்த்து, என்னங்கண்ணா, தண்ணி வேணுமுங்களா என்றது. இல்லைங்க சாமி, சேரு வழுக்கிருச்சு, நீங்க நடத்துங்க என்று நாற்காலியை நிமிர்த்தினார். உட்கார்ந்தார். சுற்றியிருக்கிற காற்றுக்கே பதினைந்து பவுண்டு கனம் உண்டாம். நாற்பது வருஷமாக அது அவர் ஒருத்தர் மேல்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தார்.

தொண்ணூறும் பதினஞ்சும் நூத்தியஞ்சு என்று மிஸ் கூட்டிப் போட்டது. இங்கேயும் அதே நூற்றைந்தா? இது வேற நூற்றைந்து, இது காலையிலேயே உள்ளது, வெளிக்காற்றையும் சேர்த்தது. அவர் விரலை மடக்கி இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தார், இல்லாவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஏமாற்றும். மிஸ் தொடர்ந்தது, காலையில டயருக்குள்ள இருபத்தேழு டிகிரி, அதோட எரநூத்தி எழுபத்து மூணச் சேத்தா முந்நூறு. ஏன் மிஸ் அதச் சேக்கோணும் என்றாள் ஒருத்தி, நியாயமான கேள்வி, அவரும் அதைத்தான் கேட்டார் உள்ளுக்குள். நம்ம டிகிரியில சைபர்ங்கறது ஐஸ் உருகற இடம், அது காத்தோட சைபர் இல்ல, காத்து ஒட்டுமொத்தமா அடங்கற எடம் அதுக்கும் எரநூத்தி எழுபத்து மூணு கீழ இருக்குது, அங்கிருந்துதான் எண்ணோணும். எங்கிருந்து எண்ணுவது என்பதில் இவ்வளவு இருக்கிறதா என்று நினைத்தார். எண்ண ஆரம்பிக்கிற இடத்தை ஒருத்தன் மாற்றி வைத்துவிட்டால் கணக்கு முழுக்கத் தப்பாகப் போகும் என்பது அவருக்குப் புரிந்தது, வேறு விதமாக. வெயில்லயும் லோடுலயும் ஓடி ஓடி உள்ள எழுபத்திரண்டு டிகிரி ஆயிருச்சுன்னு வெச்சுக்கலாம், கணக்கு சுளுவா வரட்டும், முந்நூத்தி நாப்பத்தஞ்சு. வெச்சுக்கலாம் என்றதும் அவருக்கு முகம் கறுத்தது. அவரைக் கெடுத்தவர்களும் வெச்சுக்கலாம் என்றுதான் தொடங்கினார்கள். அவன் தூக்கக் கலக்கத்துல அடிச்சிருப்பான்னு வெச்சுக்கலாம். மீட்டர் பாக்காம அடிச்சிருப்பான்னு வெச்சுக்கலாம். ஆனால் டயர் அப்படித்தான் சுடும், மத்தியானத்தில் கை வைக்க முடியாது, அது பொய்யில்லை. சாக்பீஸ் கரகரத்தது. நூத்தியஞ்சைப் பெருக்கி, வகுத்து, நூத்திருபதே முக்கால். அதுல வெளிக்காத்துப் பதினஞ்சு போனா மீட்டர்ல என்ன காட்டும்? நூத்தியஞ்சே முக்கால் மிஸ். பாருங்க, ஒரு பொட்டுக் காத்துகூட யாரும் புதுசா அடிக்கல. காலையில தொண்ணூறு, மத்தியானம் நூத்தியஞ்சு. டயருக்குள்ள இருக்கறது அதே காத்துத்தான். சூட்டுல தாவுது, சுவத்த இடிக்குது, அவ்வளவுதான்.

யாரும் புதுசா அடிக்கல. அத்தியப்பன் வெற்றிலை இல்லாமலே எதையோ மென்றார். யாரும் புதுசா அடிக்கல என்று கல்யாணம் ஆகாத ஒரு சின்னப் பெண், கரும்பலகை முன்னால் நின்று, முப்பது பேருக்குச் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டது. மாதையன் பெண்டாட்டி உயிரோடு இருந்தால் கூட்டிக்கொண்டு வந்து இந்த ஜன்னலடியில் நிறுத்தியிருக்கலாம். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. இத்தனை லேசா? ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறதாம். அப்படியானால் டிப்ளமாவில் இருக்காதா? அர்த்தனாரி இதைப் படித்திருக்கிறான், பரீட்சை எழுதியிருக்கிறான், மார்க்கு வாங்கியிருக்கிறான். தெரிந்துகொண்டேதான் எழுதினானா நோட்டில்? அப்போது யாழினியின் பின்னல் அசைந்தது. மிஸ், ஒரு டவுட், மத்தியானம் அந்தப் பதினஞ்சையும் தெறந்து விட்டுத் தொண்ணூறாக்கிட்டா என்ன ஆகும்? அத்தியப்பன் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தார். இது எப்படி அவளுக்குக் கேட்கத் தோன்றியது? வீட்டில் பேச்சு அடிபட்டிருக்கிறது. இல்லாமல் தோன்றாது. நல்ல கேள்வி, நீயே போட்டுப் பாரு, ஆறி மறுபடி முந்நூறுக்கு வந்தா எவ்வளவு? பேனாக்கள் கீறுகிற சத்தம். எழுபத்தாறு மிஸ். ஆமா, தொண்ணூறு இருக்க வேண்டிய எடத்துல எழுபத்தாறு. தேன்மொழி குறுக்கே விழுந்தாள். மிஸ், சப்பை டயருதான் மிஸ் மோசம். லோடுல நசுங்கி நசுங்கி ஓடி, கொதிச்சு, பக்கச் சுவரு விட்டுப்போகும், எங்கப்பா திட்டுவாரு, காத்துக் கூடுனாக்கூட பொழைக்கலாம், கொறஞ்சாச் சாவுதான்னு.

குறைந்தால். ராத்திரி முழுக்க ஓசூரில் ஆறிக் கிடந்த டயர், எழுபத்தாறில், மறுநாள் கல் லோடு, இறக்கம். அப்படியானால் மாதையனைக் கொன்றது அவர் அடித்த காற்று இல்லை, அர்த்தனாரி இறக்கிய காற்று. இன்னொன்றும் நினைவுக்கு வந்து முள்ளாக நின்றது: அவன் ஏன் திரும்பி வரும்போது லாரியில் வரவில்லை? போகும்போது லாரியில் போனவன் வரும்போது பஸ்ஸில் வந்தான். சோலி இருந்துச்சு, முந்தியே கெளம்பிட்டேன் என்றான் ஸ்டேஷனில். என்ன சோலி? தெரிந்துதான் ஏறவில்லை. தெரிந்துதான். அதைப் பிடித்துக்கொண்டு அத்தியப்பன் சுற்றிச் சுற்றி வந்தார். தெரிந்துதான், தெரிந்துதான். ஏழு, எட்டுத் தடவை சொன்ன பிறகு அது லேசாக ஆடத் தொடங்கியது. தெரிந்திருந்தால் அந்தப் பதினைந்தை எதற்கு இறக்குவான்? மாதையனோடு அவனுக்கு என்ன பகை? இறக்கியது நல்லது என்று நினைத்துத்தானே இறக்கியிருக்க வேண்டும்? இல்லை, அப்படி விடக் கூடாது. அவனுக்குத் தெரியவில்லை என்று வைத்தால், வெச்சுக்கலாம் என்றால், பிறகு இவர் யாரைப் பார்த்து நாற்பது வருஷம் பல்லைக் கடித்தார்? அதைவிட மோசமான ஒன்று அதற்குப் பின்னால் வாசலில் நின்றுகொண்டிருந்தது, அதை உள்ளே விடாமல் அவர் கேட்டையும் ரோட்டையும் பார்த்தார், எதிரே மெக்கானிக் கடையில் கிடந்த கழற்றின டயரைப் பார்த்தார், அது அந்த டயர் வழியாகவே வந்துவிட்டது. ஷெட்டை விட்டு வந்து ஈரோடு ரோட்டில் அவர் முப்பது வருஷம் பஞ்சர் கடை வைத்திருந்தார். பதினஞ்சு என்ற பேரைக் கழுவ ஒரே வழிதான் வைத்திருந்தார். கடையில் எந்த லாரி வந்து நின்றாலும், எந்த நேரமானாலும், முதலில் மீட்டர். தொண்ணூறுக்கு மேல் ஒரு பவுண்டு காட்டினாலும் வால்வை அழுத்தி விட்டுவிடுவார். நம்ம கடையத் தாண்டி ஒரு வண்டி தொண்ணூத்துக்கு மேல போகாதுங்க. டிரைவர்கள் மெச்சுவார்கள். மத்தியான வெயிலில் ஓடிக் கொதித்து வந்த டயர்கள். புஸ்ஸென்று அவை விட்ட சூடான மூச்சு புறங்கையில் பட்டது இப்போதும் தெரிகிறது. எத்தனை வண்டி? ஒரு நாளைக்கு நாலா, ஐந்தா? முப்பது வருஷத்தைப் பெருக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று. அந்த வண்டிகள் எங்கே போய் ஆறின? எந்த இறக்கத்தில்? அவருக்கு ஒன்றும் தெரியாதே, அவர் மூன்றாம் வகுப்பு. தெரியாமல் செய்தது. தெரியாமல் செய்தது பாவமில்லை என்றால் அவனுக்கும் பாவமில்லை. அவனுக்குப் பாவம் என்றால். அதற்கு மேல் அந்தக் கணக்கைப் போடாமல் விட்டார். ஆகவே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எப்படியாவது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தரைக்கு வெள்ளைக் கார் வந்தது. அத்தியப்பன் கேட்டை ஒரு பக்கம் தள்ளித் திறந்தார், இரண்டு விரல் எழுந்தது, வேப்ப மரத்தடியில் கார் நின்றது. பெண்கள் கலகலவென்று வெளியே வந்தார்கள். யாழினி முன்கதவைத் திறந்து ஏறினாள், நோட்டு மடியில். அப்போதுதான் பார்த்தார், பின்பக்கம் இடது டயர். கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும், தரையில் படுகிற இடம் ஒரு விரல் அளவு அகலமாக. காலால் தட்டினார். தொப். போகட்டும் என்றது ஒரு மனசு, உனக்கென்ன, போய் வழியில் நிற்கட்டும். அடுத்த மனசு அந்தப் பின்னலைப் பார்த்தது. ஓட்டுகிற பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி பாதி இறங்கியது, உள்ளிருந்து குளிர் வந்தது.

"பின்னால எடது டயர் சப்பையா இருக்குதுங்க. இப்பவே கொஞ்சம் காத்துப் புடிச்சுக்கங்க. காலையில டயர் ஆறிக் கெடக்கறப்போ மீட்டர் வெச்சுச் சரியாப் பாத்துக்கங்க. ஓடி வந்த சூட்டுல மீட்டர் கூடத்தான் காட்டும், அத நம்பி எறக்கீராதீங்க."

அர்த்தனாரி ரோட்டைப் பார்த்தபடியே சிரித்தான். பல் செட்டு. "யோவ் வாட்ச்மேன், டயரப் பத்தி எங்கிட்டயே சொல்றியா? நான் லாரி ஷெட்டுல சூப்பர்வைசரா இருந்தவன். சூட்டுல காட்டறது கணக்கே கெடையாது, ஆறுனதத்தான் பாக்கோணும். சூட்டுல எறக்குனா ஆளையே கொன்னுபோடும். இதெல்லாம் படிச்சுட்டு வந்தவன்யா நானு."

"தாத்தா, இன்னிக்கு எங்க மிஸ்ஸும் இதேதான் நடத்துனாங்க" என்றாள் யாழினி.

அத்தியப்பனின் கை கண்ணாடி விளிம்பில் இருந்தது. "எப்ப இருந்துங்க?" என்றார்.

"என்னது?"

"இது உங்களுக்குத் தெரியறது. எப்ப இருந்துங்க தெரியும்? கிருஷ்ணகிரிக்கு முந்தியா, அப்பறமா?"

நாலு மாசத்தில் முதல் தடவையாக அர்த்தனாரியின் தலை திரும்பியது. கண் முகத்தில் நின்றது, சட்டைக்கு இறங்கியது, கைக்கு இறங்கியது, சூடம் அணைத்த வெள்ளைத் தழும்பு உள்ளங்கையில் இருக்கிறது, அது விளிம்பை மூடிக்கொண்டிருந்ததால் தெரிந்திருக்காது. உதடு பிரிந்தது. சொல்லப் போகிறான். "கைய எடுய்யா" என்றான். எடுத்தார். கண்ணாடி ஏறியது. கார் பின்னால் வந்து, வளைந்து, கேட்டைத் தாண்டியது. இரண்டு விரல் எழும்பவில்லை. எப்போதும் எழும்புகிற விரல் இன்றைக்கு ஏன் எழும்பவில்லை? அடையாளம் கண்டுகொண்டான். இல்லாவிட்டால் கியர் போடுகிற அவசரமா? முக்கில் இருக்கிற பெட்ரோல் பங்கில் கார் திரும்பிக் காற்று அடிக்கிற இடத்தில் நிற்பது தெரிந்தது. நல்லது. தாத்தாவும் பேத்தியும் இறங்கிக் குனிந்து டயரைப் பார்த்தார்கள். அங்கிருந்து அவன் ஒரு முறை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தானா, வெயிலுக்கு முகத்தைத் திருப்பினானா, தூரத்தில் தெரியவில்லை. அத்தியப்பன் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். மிஸ் கரும்பலகையைத் துடைக்கிற சத்தம் கேட்டது. அவனிடம் அது இருக்கிறது. முந்தியா, அப்பறமா என்ற ஒரு வார்த்தை. அவர் சுமையில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு தன்னுடையது என்று அதை வைத்துத்தான் பிரிக்க முடியும். அதை வைத்துக்கொண்டே போய்விட்டான். விரிசல் நாற்காலியைத் தூக்கி, கேட்டுக்கு நேராக, ரோட்டைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். வியாழக்கிழமையும் வகுப்பு இருக்கிறது.